மூச்சுக்கு நிற்கும் குதிரை

எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்க இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றுக்கு முன்னால் வரிசை வாசல் வரை நீளும். மற்றொன்று காலியாகக் கிடக்கும். ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைகள், நரம்பு அகப்படாத முதியவர்கள், குத்திக் குத்திக் கை மரத்துப்போனவர்கள் எல்லோரும் "அந்தம்மாவே எடுக்கட்டும், நாங்க இருக்கோம்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அந்தம்மா கையைப் பிடித்து, முழங்கை மடிப்பில் விரலால் லேசாகத் தட்டி, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். "நீங்கதானே வெறும் வயித்துல வரச் சொன்னீங்க" என்று அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்து, பஞ்சு வைத்தாகியிருக்கும்.

காலியாகக் கிடக்கும் நாற்காலி என்னுடையது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அந்த நிமிர்வோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க பட்டதாரி" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிதான் என்றாலும் எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அவரிடம் குதிரை வாடை அடிக்கும். வைக்கோல், வியர்வை, தோல் எண்ணெய் மூன்றும் கலந்த வாடை. வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு மருந்து நெடி ஏறினாலும் அது போகாது. விடிவதற்கு முன்பே ஊர் ஓரத்து லாயத்துக்குப் போய், குதிரை ஓட்டிவிட்டு, அங்கேயே குளித்து, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவர் அவர்.

லாயம் முன்பு மரவாடியாக இருந்த இடம். அறுத்த பலகைகளை அடுக்கிவைத்த கொட்டகையில் தடுப்புகள் போட்டுக் குதிரை கட்டினார்கள். லாயக்காரரின் தாயார் படுக்கையில் கிடந்தபோது, வாரம் ஒருமுறை அவருக்கு ரத்தம் எடுக்கப் போனவர் அக்கா. எடுத்துவிட்டு வெளியே வந்து, தடுப்புக்கு மேலே தலை நீட்டிய ஒரு குதிரையின் கழுத்தில், நரம்பு எங்கே ஓடுகிறது என்று தொழில் பழக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தாராம். குதிரை கண்ணை மூடிக்கொண்டதாம். "அன்னைக்கே கெட்டேன்" என்பார். அப்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அவர் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

அவர் கற்றுக்கொண்டது டிரெஸ்ஸாஜ். தாண்டுவது, பந்தயம் ஓடுவது எதுவும் அதில் கிடையாது. ஒரு நீள்சதுர மணல் திடல்; ஓரமெல்லாம் எழுத்துப் பலகைகள். குறித்த எழுத்து வந்ததும் நடை ஓட்டமாக வேண்டும், ஓட்டம் பாய்ச்சலாக வேண்டும், பக்கவாட்டில் கால் மாற்றிப் போக வேண்டும். எல்லாம் ஓட்டுகிறவரின் சைகையில் நடக்க வேண்டும்; அந்தச் சைகை பார்ப்பவர் கண்ணில் படக் கூடாது. அதற்குத்தான் மதிப்பெண்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் அதைக் "குதிரைக்கு டான்ஸ் கிளாஸ்" என்பார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

சொந்தக் குதிரை வாங்க அக்காவுக்கு வழியில்லை. பந்தயத்தில் கால் போன குதிரைகளை, வைத்துச் சோறு போட மனமில்லாமல் தள்ளிவிடுவார்கள். அவற்றை வாங்கி வந்து, காலை ஆற்றி, பழக்கி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதுதான் அவர் கண்ட வழி. லாயக்காரரின் மற்றக் குதிரைகளை ஓட்டிக் கொடுப்பதற்கு ஈடாக இரண்டு தடுப்புகள் அவருக்கு.

பந்தயக் குதிரைக்குத் தெரிந்தது ஓடுவது ஒன்றுதான். கடிவாளம் இறுகினால் நாம் நிற்போம் என்று எதிர்பார்ப்போம். அது இன்னும் முட்டிக்கொண்டு வேகமெடுக்கும். அப்படித்தான் அதைப் பழக்கியிருப்பார்கள். அதையெல்லாம் மறக்கவைத்து, முதுகில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று அதற்குப் புரியவைப்பதற்கே மாதக்கணக்காகும். அக்கா ஒன்றன்பின் ஒன்றாக அப்படிப் பல குதிரைகளைத் தேற்றி அனுப்பினார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. குதிரை சாதுவானதும் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. "வச்சிருந்தா ஆசை வந்துடும் தம்பி."

மாப்பிள்ளை என்ற குதிரை விஷயத்தில்தான் அந்தக் கட்டுப்பாடு தவறியது.

செம்பழுப்பு நிறம். நெற்றியில் விரல் வைத்துத் தேய்த்ததுபோல ஒரு வெள்ளை. வந்த அன்றைக்கு, தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. வேறு கலந்து வைத்தார்கள்; அதையும் பார்க்கவில்லை. "விருந்துக்கு வந்த மாப்பிள்ளை முறுக்கு முறுக்கிக்கிட்டு நிக்கிற மாதிரியே நிக்கிறான்யா" என்றார் லாயக்காரர். அதுவே பெயராகிவிட்டது. எல்லோரும் போன பிறகு, பார்க்க யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு தின்றானாம்.

முறுக்கு இறங்கிய பிறகு அவன் கற்றுக்கொண்ட வேகத்தை அக்கா பெருமையாகச் சொல்வார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாக ஒரு குதிரையைக் கொடுத்துவிடும் காலம் வந்தது, கடந்தது. கேட்டு வந்தவர்களிடம், "இன்னும் கொஞ்சம் பழகணுங்க" என்றார். அது பொய் இல்லை. ஆனால் யாருக்காகப் பழக வேண்டும் என்பதுதான் கேள்வி.

போட்டிகளில் அக்கா எப்போதும் தொடக்கநிலைப் பிரிவிலேயே நின்றவர். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பயிற்சியாளரோடு, பளபளக்கும் சேணத்தோடு வருவார்கள். இவர் தைத்துப் போட்ட சேணத்தோடு போய், கடைசிக்கு முன்னால் ஓர் இடம் வாங்கி வருவார். மாப்பிள்ளையோடு போன முதல் போட்டியிலேயே பரிசு வந்தது. அடுத்த பிரிவுக்கு ஏறினார். அதிலும் வந்தது. பரிசாகக் கொடுத்த ரிப்பனை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். எங்கள் வீட்டுச் சுவரில் என் பட்டம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அந்த ஆசை எனக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மாமாவையும் கூட்டிப்போய்க் காட்டினார். மாப்பிள்ளை பாய்ச்சலில் வந்துகொண்டிருந்தான். அக்காவின் கை அசையவில்லை. கால் அசையவில்லை. குதிரை அப்படியே, நான்கு காலும் சதுரமாக, அச்சில் வார்த்ததுபோல நின்றது.

"என்னக்கா பண்ணீங்க?"

"மூச்சு விட்டேன்."

மாமா என் பக்கம் சாய்ந்தார். "கல்யாணம் ஆன நாளா நான் வாய் விட்டுக் கத்துறேன், இவ ஒரு தடவை நின்னதில்ல. குதிரை மூச்சுக்கு நிக்குதாம்."

"நீங்க மொதல்ல ஒழுங்கா மூச்சு விடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் அக்கா குதிரை மேலிருந்தே.

அதே காலத்தில் வேறொரு லாயத்திலிருந்து, பல வருடம் ஓட்டிய ஒருவர் வந்து மாப்பிள்ளை மேல் ஏறிப் பார்த்தார். அவர் உட்காரும் விதமே அவனுக்குக் கூச்சலாக இருந்திருக்க வேண்டும். அவர் நேராகப் போகச் சொன்னால் அவன் பக்கவாட்டில் போனான். நிற்கச் சொன்னால் பின்னால் நடந்தான். இறங்கி வந்து, "இது குதிரை இல்லம்மா, உங்க கைக்குத் தச்ச சட்டை. எனக்கு எப்படிப் பத்தும்?" என்றார். அக்கா அந்த வாக்கியத்தை எங்களிடம் வந்து வாய் நிறையச் சொன்னார். நாங்களும் கைதட்டாத குறையாகக் கேட்டோம்.

பிறகு லாயத்தின் பாதி நிலத்தை உரியவர் திருப்பிக் கேட்டுவிட்டார். அங்கே கிடங்கு வரப்போகிறதாம். தடுப்புகள் குறைந்தன. லாயக்காரர் தயங்கித் தயங்கி, "உனக்கு ஒண்ணுதாம்மா தர முடியும்" என்றார்.

அக்காவிடம் அப்போது மாப்பிள்ளையைத் தவிர ஒரு கிழட்டுப் பெண் குதிரையும் இருந்தது. ஒரு கண் தெரியாது. யாரும் வாங்க மாட்டார்கள். வெளியே அனுப்பினால் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்வதில்லை. ஆகவே போக வேண்டியவன் மாப்பிள்ளைதான். அவனுக்குக் கிடைக்கிற வீடு நல்ல வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது.

கிடைத்தது. ஓர் இரும்புக் கடைக்காரர். ஊருக்கு வெளியே நிழலும் புல்லுமாகத் தோட்டம் வைத்திருப்பவர். உயர்நிலைப் பள்ளி படிக்கும் மகள் குதிரை கேட்டு உண்ணாவிரதம் இருக்காத குறை. ஓரளவு ஓட்டத் தெரிந்த பெண். லாயத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை முகத்தில் கை வைக்காமல், முதலில் தன் கையை அவன் முகர்வதற்கு நீட்டினாள். அக்காவுக்கு அங்கேயே மனம் இறங்கிவிட்டது.

பெண் ஏறி ஓட்டினாள். திடலின் நடுவில் நின்று அக்கா சொல்லிக்கொடுத்தார். நட என்றால் நடந்தான், ஓடு என்றால் ஓடினான், "இப்ப நிறுத்து" என்றதும் நின்றான். கடைக்காரர் வேலியோரம் நின்று, "நாலு சக்கர வண்டி கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்காதுங்க" என்று வியந்தார்.

பெண் ஓட்டிய நேரம் முழுவதும் மாப்பிள்ளையின் ஒரு காது திடலின் நடுவை நோக்கியே திரும்பியிருந்தது. வட்டம் சுற்றச் சுற்ற, அந்தக் காதும் சுற்றியது. அவன் கேட்டது முதுகில் இருந்த பெண்ணின் பேச்சை இல்லை. "நிறுத்து" என்று சொல்லும்போது அக்கா விட்ட மூச்சை. குதிரையைத் தெரிந்தவர் எவரும் அந்தக் காதைப் பார்த்திருப்பார்கள். அக்காவும் பார்த்தார்.

"பாத்தேன் தம்பி" என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார். "பாத்துட்டு, போகப் போகச் சரியாயிடும்னு நெனச்சேன். அவ்வளவு நல்ல வீடு. அவ்வளவு நல்ல பொண்ணு. வாயைத் திறந்தா கெடைக்காதேன்னு இருந்துச்சு."

வைத்துக்கொள்ள முடியாது என்றால், வேறு யாருக்கும் தராமல் தனக்கே திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார்.

முதல் சில நாட்கள் படம் படமாக வந்தது. மாப்பிள்ளை மரத்தடியில், மாப்பிள்ளை அந்தப் பெண்ணின் தலைமுடியை முகர்ந்தபடி. அப்புறம் படம் நின்று, போன் வரத் தொடங்கியது. வேலை நடுவே, ஒரு கையில் பஞ்சோடு, அக்கா காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவார்.

"காலை இறுக்காதடா கண்ணு. நீ பயந்து இறுக்கினா அவன் 'ஓடு'ன்னு எடுத்துக்குவான். கடிவாளத்தையும் பிடிச்சு இழுக்காத. ஒரே நேரத்துல ஓடு, நில்லுன்னு ரெண்டும் சொன்னா அவன் எங்கதான் போவான்?"

மேலேதான் போனான். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். பயப்படுகிற யாரும் காலை இறுக்கத்தான் செய்வார்கள், கையில் இருப்பதைப் பிடித்து இழுக்கத்தான் செய்வார்கள். அப்படி இறுக்கினாலும் இழுத்தாலும் பொறுத்துக்கொள் என்று மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவனை அத்தனை காலமும் ஓட்டிய ஆள் ஒருமுறைகூடப் பயந்ததில்லை.

அக்கா விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் போனார். அவர் போய் வேலியோரம் நின்றால் போதும், மாப்பிள்ளை பழைய மாப்பிள்ளை. பெண்ணின் முகமும் மலர்ந்துவிடும். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். "நீங்க இருந்தா பசு. நீங்க பஸ் ஏறினதும் பேய். நான் யாரை நம்புறது, சொல்லுங்க."

"நான் இனிமே வரலைங்க. நான் வந்தா அவன் என்னைத்தான் பாப்பான். உங்க பொண்ணைப் பாக்க மாட்டான்."

போவதை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் பெண் விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது.

கடைக்காரர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால்கூட ஆறியிருக்கும் என்பார் அக்கா. "நீங்க ஏமாத்தினதா நாங்க நெனைக்கலைங்க. ஆனா இனிமே வச்சுக்க முடியாது. நீங்களே கூட்டிக்கங்க."

"ஒரு வாரம் கொடுங்க."

அந்த வாரம் அவர் தட்டாத கதவில்லை. மற்ற லாயங்களில் கேட்டார். அச்சகத்தின் பின்னால் தாள் கட்டுகள் போடும் முற்றத்தை மாமா முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார், முதலாளி சிரித்தார். லாயக்காரர் தரையைப் பார்த்தபடி, "கிழவியை அனுப்பிட்டா இடம் இருக்கு. நான் சொல்லல, நீயே யோசிச்சுக்க" என்றார். அக்கா கிழவியின் தடுப்புக்கு முன்னால் போய் நின்றார். அது தெரிகிற கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்ததாம். "அதுகிட்ட போய், நான் இன்னொருத்தனை ரொம்ப நல்லாப் பழக்கிட்டேன், அதனால நீ போன்னு எப்படிச் சொல்றது?"

வாரம் முடிவதற்குள் கடைக்காரரிடமிருந்து போன். ஏரிப் பூங்காவில் குதிரைச் சவாரி நடத்துகிற ஒருவர் வந்து கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். வீட்டில் மனைவி அழுதுகொண்டிருந்தாள், பெண் கட்டோடு படுத்திருந்தாள், குதிரை கத்திக்கொண்டிருந்தது. அவராலும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும். அக்கா போனை வைத்துவிட்டு, வரிசையில் இருந்த அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்த ஆளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

பூங்காவுக்குப் போக அவருக்கு நெடுநாள் மனம் வரவில்லை. கடைசியில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஏரிக்கரையில் நான்கைந்து குதிரைகள் வரிசையாக நின்றன. ஒன்றன் மீது இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து, குதிகாலால் விலாவில் மாறி மாறி இடித்துக்கொண்டிருந்தார்கள். கடிவாளத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சவாரிக்காரர் பிடித்த கயிற்றுக்குப் பின்னால் நடந்தது. நெற்றியில் அந்த வெள்ளை இருந்தது.

சவாரிக்காரர் நல்ல மாதிரி. "குழந்தைங்களுக்குன்னே பொறந்த குதிரைங்க. வந்தப்ப கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு, கடிவாளத்தை மாத்திப் போட்டேன். இப்ப பட்டாசு வெடிச்சாலும் அசையாது. சுவர் மாதிரி."

அக்கா பக்கத்தில் போனார். வாயோரம் புண் ஆறித் தழும்பாகியிருந்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் மூச்சை நீளமாக விட்டதை நான் கேட்டேன். குதிரை பிள்ளைகளை இறக்குவதற்காகக் காத்து நின்றது. அதற்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"தாடைக்குக் கீழ இருக்கிற இந்தச் சங்கிலியை ஒரு கண்ணி தளர்த்திப் போடுங்க. அதுக்கே நிக்கும்" என்றார்.

"அப்படிங்களா, செஞ்சாப் போச்சு." அவர் அங்கேயே தளர்த்தினார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க குதிரையா இருந்துச்சாமே. வேணும்னா சொல்லுங்க, பேசிக்கலாம். நான் வேற குதிரை பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா தலையை அசைத்தார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

பஸ்ஸில்தான் பேசினார். "கிழவி இருக்குற வரைக்கும் எடம் இல்லங்கறது ஒண்ணு. எடம் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கூட்டிட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். மறுபடியும் அவனை எழுப்பி விட்டுடுவேன்."

"சவாரிக்காரர் கெடுத்துட்டாரேக்கா."

"அவர் என்ன கெடுத்தார்? யார் ஏறினாலும் தாங்குற மாதிரி ஆக்கியிருக்கார். நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை அது. நான் செஞ்சிருந்தா வாய் கிழியாம செஞ்சிருப்பேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குத் தெரியும் தம்பி, எப்படின்னு. தெரிஞ்சே செய்யல."

அதன் பிறகு அவர் போட்டிக்குப் போகவில்லை. குளிர்பெட்டிக் கதவிலிருந்து ரிப்பன் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கிழவி அதன் காலம் முடிந்து போய்ச் சேர்ந்தது. அந்தத் தடுப்புக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரை வந்தது, வழக்கம்போலப் பந்தயத்தில் கால் போனது. மாதக்கணக்கில் அக்காவே ஓட்டிப் பழக்கினார். பிறகு ஒருநாள் என்னிடம், "பட்டதாரி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க?" என்றார்.

நான் மாடுகளோடு வளர்ந்தவன். மிருகம் என்றால் தெரியும் என்ற நினைப்பில் ஏறினேன். ஏறிய கணத்தில் தொடை தானாக இறுகியது. கை கடிவாளத்தில் தொங்கியது. குதிரை இரண்டடி முன்னால் பாய்ந்து, குழம்பி, தலையை உதறியது. அக்காவைத் தேடினேன்.

அவர் வேலிக்கு வெளியே ஒரு மடக்கு முக்காலியைப் போட்டு, திடலுக்கு முதுகு காட்டி, கிடங்குச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் விழுந்துடுவேன்."

"விழ மாட்டீங்க. நல்லா இறுக்குங்க. உங்களால முடிஞ்ச அளவு மோசமா ஓட்டுங்க. அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"இந்தப் பக்கம் திரும்பியாவது பாருங்கக்கா."

"நான் பாத்தா அது என்னைப் பாக்கும்."

ஞாயிறுதோறும் இப்படி நடந்தது. நான் போனேன், மாமா போனார், ஆய்வகத்தின் காவலாளிகூட ஒருநாள் போனார். குதிரை மெல்ல மெல்ல எங்கள் அரைகுறைப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளப் பழகியது. இறுக்கினால் தயங்கி நிற்கும், இழுத்தால் பெருமூச்சு விட்டு நிற்கும். அழகு என்று அதில் ஒன்றுமில்லை. அது எவ்வளவு தூரம் போயிருக்கக் கூடிய குதிரை என்று அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு மாலை வேலி கடந்து வந்தபோது அவரிடம் கேட்டேன், இதை ஒருமுறையாவது போட்டிக்குக் கொண்டுபோகலாமே என்று.

அவர் முக்காலியை மடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் ஒரு குடும்பம் பாக்க வர்றாங்க" என்றார். "ரெண்டு சின்னப் பசங்களாம். யாருக்கும் ஓட்டத் தெரியாதாம். நான் லாயத்துக்கு வரப் போறதில்ல. நீங்க இருந்து காட்டி அனுப்பிடுங்க."